காற்றுக் குழாயின் வாயில் அத்தையின் துணி

உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரியது அந்தத் துணி உருண்டை. நைந்துபோன நூல் புடவையைக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, ஆணியில் மாட்டத் தோதாக ஒரு நாடாவும் கட்டியிருந்தாள் அத்தை. அதன் ஒரு பக்கம் ஆறங்குலக் குழாயின் வாய்க்குக் கச்சிதமாக வட்டம் பிடித்திருந்தது. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சல் இதை எழுதும்போதும் முழுதாக அடங்கவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. முதலியார்பேட்டையில் நூற்பாலை ஓடிய காலம் முழுக்க அங்கே வேலை பார்த்தவள். ஆலை மூடியபின் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள், நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியோடு. ஏசி போட்டால் அவளுக்கு மார்பு இறுகிவிடும். மின்விசிறியோ மொட்டைமாடிச் சூட்டை அப்படியே தலையில் இறக்கும். சித்திரை மத்தியானங்களில் படுக்கவும் முடியாமல், வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள்.

நான் அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. நிலத்துக்கடியில் குழாய் புதைத்து, அதன் வழியாக வெளிக்காற்றை வீட்டுக்குள் இழுக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டேன். ஆளுயரத்துக்குக் கீழே மண்ணின் சூடு அதிகம் மாறாது. அதனால் கோடையில் காற்று குளிர்ந்து வரும், மார்கழியில் வெதுவெதுப்பாக வரும். எவ்வளவு அழகான யோசனை! மூன்று வாரம் அப்பாவை நச்சரித்தேன். "விட்டா வூட்டையே பொதைச்சிடுவா போல" என்று தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

கொல்லையில் நீளமாகப் பள்ளம் வெட்டினோம். கொத்தனார் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வாட்டம் குடுத்துடலாமா? தண்ணி நிக்கும்மா."

"இது தண்ணிக் குழாய் இல்லண்ணா, காத்துக் குழாய். சமமாவே போடுங்க."

"இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்க, அப்பறம் இன்னா" என்று சிரித்துக்கொண்டே குமிழி நடுவில் நிற்கும்படி அச்சுப்போலப் பதித்தார். அவர் அன்று என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று இன்றுவரை நினைக்கிறேன்.

முதல் மாதம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியே முப்பத்தெட்டு, அறையில் முப்பது! காலையும் மாலையும் வெப்பமானியோடு போய் நோட்டில் குறித்தேன். வருகிறவர்களையெல்லாம் குழாய் வாயில் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டால், "நல்லாருக்குது பாப்பா" என்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொல்தான். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நடுவில் அவள் இருமல் கூடியது. பக்கத்து வீட்டு ஊதுவத்திமேல் பழி போட்டேன். அறையில் ஏதோ ஈரத்துணி வாடை வந்தது. கடல் காற்று என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஒருநாள் கல்லூரி அரைநாளோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், குழாய் வாயில் துணி உருண்டை. ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன. நெருப்பாகக் கொதிக்கும் அறையில் அத்தை பனைமட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தினி நாளா அத்தை இப்படி?"

"ஆவுது ஒரு மாசம். உள்ளேர்ந்து பூசணம் நாறுதுடி. மூச்சை முட்டுது."

"அப்போ தெனம் நல்லாருக்குதுன்னு சொன்னியே!"

"நீ காலேஜிலிருந்து வர்ற நேரத்துக்கு எடுத்துடுவேன். நீ நோட்டைத் தூக்கிக்கினு வந்து நிப்ப. வேற இன்னா சொல்றது?"

கத்தினேன். ஒரு மாசம்! மூச்சுத் திணறத் திணற எனக்காக ஒரு பொய்! அவள் விசிறியை நிறுத்தாமல் சொன்னாள்: "மில்லுல ஒருத்தர் நோட்டோட வருவாரு. யாருக்கு இருமல்னு கேப்பாரு. இருக்குன்னவளை ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதனால அவரு தலை தெரிஞ்சாலே முந்தானையைச் சுருட்டி வாயில அமுக்கிப்போம். நல்லாருக்குது சார்னு சொல்லிடுவோம்."

கத்துவதை நிறுத்தினேன், கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் என்று தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நோட்டை நான் பிறகு தொடவில்லை.

பள்ளத்தைத் திரும்பத் தோண்டினோம். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் குளிர்ந்த குழாய்க்குள் வியர்த்து, போக வழியில்லாமல் தேங்கிப் பூசணம் பிடித்திருந்தது. கொத்தனார் ரசமட்டத்தை எடுத்து எட்ட வைத்தார். பூசணம் பிடித்த குழாயை வீசிவிட்டுப் புதுக் குழாய் வாங்கி, இந்த முறை வாட்டம் கொடுத்து, தாழ்ந்த முனையில் மூடி போட்ட குழி ஒன்றும் கட்டினார். அதில் சேரும் தண்ணீரை அவ்வப்போது இறைத்துவிட வேண்டும். அந்தக் கோடையில் அத்தை மத்தியானத்தில் படுத்துத் தூங்கினாள். குறட்டை கூடத்துக்குக் கேட்டது.

இப்போது எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அத்தை அதே அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் நான் காற்றைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டு என்ன பிரயோஜனம்? இப்போதெல்லாம் நான் வருகிற நேரத்துக்கு அவள் துணியை எடுத்துவிடுவதில்லை. வேலை முடிந்து வந்ததும் குழாய்க்குப் பக்கத்து ஆணியைத்தான் பார்க்கிறேன். அங்கே துணி தொங்கினால் எல்லாம் சரி.

போன வாரம் ஆணி காலியாக இருந்தது. துணி குழாய் வாயில். என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்: "இன்னா அத்தை, காத்து எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்டி இருக்குது" என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு குழியை இறைக்கக் கொல்லைக்குப் போனேன்.