தாய்மாமன் வரும்வரை சஸ் ஃபோர்

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். பத்தாவது வரை படித்துவிட்டு, பாளையம்பட்டியில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன் வாராவாரம் எழுதுவதே அதிகம். இந்த வாரம் சங்கீதத்தைப் பற்றி வேறு எழுதப் போகிறேன். ராகம் தாளம் தெரிந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்... ராசிபலன் அங்கேதான் இருக்கிறது.

விசேஷ வீடுகளில் நான் கீபோர்டு வாசிப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். குழு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் காதரும். காதர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, வரும்போது ஒரு ரிதம் பேடோடு வந்தவன். நான் தலையைத் தூக்காமல் கட்டைகளைப் பார்த்து வாசிப்பேன். கூட்டத்தோடு பேசுவதெல்லாம் அவன் பொறுப்பு.

போன ஞாயிறு காலை, திருச்சுழி ரோட்டில் ஒரு மண்டபம். எம்.ரெட்டியபட்டி செல்வராணியின் ஒரு வயது மகளுக்குக் காதுகுத்து. பத்தரை மணிக்குள் குத்தியாக வேண்டும். ஆசாரி வந்தாச்சு. பாப்பாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாச்சு. ஒரே ஒரு குறை...

தாய்மாமன் வரவில்லை.

தாய்மாமன் மடி இல்லாமல் நம் பக்கம் காது குத்துவார்களா? செல்வராணியின் அண்ணன் மல்லாங்கிணற்றில் இருக்கிறார். என்ன நடந்தது என்றால், மற்ற எல்லார் வீட்டுக்கும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைத்த செல்வராணி, 'நம்ம அண்ணன்தானே' என்று அவருக்கு மட்டும் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். தாய்மாமனை வாட்ஸப்பில்!

செல்வராணி மைக் செட் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பாத்துட்டாகண்ணே. ரெண்டு நீலக் கோடு விழுந்திருக்கு. ஒரு வார்த்தை பதில் இல்ல. போன் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்குறாக."

பின்னாலேயே அவருடைய நாத்தனார். "ஏன் மதினி, மடியவும் வாட்ஸப்புலயே அனுப்பச் சொல்லுங்களேன்! நேரம் போகுதுல்ல? எங்க சித்தப்பா மகன் ஒருத்தரு சும்மாதான ஒக்காந்திருக்காரு, அவரு மடியில வச்சுக் குத்திருவோம்."

"எங்கண்ணன் மடியில்லாம எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்றார் செல்வராணி. பிறகு என்னிடம், "அண்ணே, பாட்ட மட்டும் நிப்பாட்டிராதீக. நிப்பாட்டுனா எல்லாரும் எந்திரிச்சிருவாக. அம்புட்டுதான்."

ஒரு குடும்பத்து மானத்தை என் பத்து விரலில் கட்டிவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன்?

இங்கேதான் சஸ் கார்டு வருகிறது. பயப்படாதீர்கள், சுலபம்தான். கார்டு என்றால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது; சஸ் என்றால் சஸ்பெண்டட், தொங்கலில் நிற்பது. சி மேஜர் என்றால் கட்டைவிரல் சி-யில், நடுவிரல் ஈ-யில், சுண்டுவிரல் ஜி-யில். இந்த மூன்றில் சந்தோஷமா சோகமா என்று சொல்வது நடுவிரல் மட்டும்தான். அதைப் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் மைனர். முகம் வாடிவிடும். நடுவிரலையே எடுத்துவிட்டு, மோதிர விரலால் எஃப்-ஐ அழுத்தினால்? அதுதான் சஸ் ஃபோர். சிரிக்காது, அழாது. வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்கும். எஃப் மறுபடி ஈ-க்கு இறங்கினால்தான் காதுக்கு 'அப்பாடா' என்று இருக்கும்.

எஃப்-க்குப் பதிலாக ஆள்காட்டி விரலால் டி-யை அழுத்தினால் சஸ் டூ. அதில் தவிப்பு குறைவு. ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி கொஞ்சம் காற்று வரும்.

நான் சி சஸ் ஃபோரில் ஆரம்பித்தேன். எஃப் கார்டுக்குப் போய், ஜி சஸ் ஃபோரில் நின்று, இதோ சி-க்கு வரப்போகிறான் என்று எல்லாரும் நினைக்கும்போது... திரும்ப முதலிலிருந்து. நடுநடுவே மூச்சுவிட சஸ் டூ. என்ன ஆச்சரியம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை! ஏதோ வரப்போகிறது என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

காதர்தான் பொறுமை இழந்தான். "ஏலே, எம்புட்டு நேரந்தான் முடிக்காம இழுப்ப? எனக்கே தும்மல் வந்து நின்ன மாதிரி இருக்குடா."

பத்து மணி தாண்டியதும் வாசலில் வெடிச் சத்தம். ஒரு லோடு ஆட்டோ, நிறைய சீர்த்தட்டு. அவ்வளவுதான்... என் விரல் முந்திக்கொண்டது. ஜி மேஜர், சி மேஜர்! காதர் ரிதம் பேடில் உருட்டித் தள்ளினான். கூட்டம் எழுந்தது. செல்வராணி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினார்.

ஆட்டோ பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

தட்டில் கற்பூரம் எரிய எரிய அவர் திரும்பி நடந்து வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தப்பு யாருடையது? ஆட்டோக்காரர் பாட்டுக்கு அவர் வழியில் போனார். கூட்டத்துக்கு 'வந்தாச்சு' என்று சொன்னது என் நடுவிரல்தான். தவிப்பு பொறுக்காமல் நாமே முடித்து வைக்கிற விஷயங்கள் எல்லாம் பெரும்பாலும் பக்கத்து மண்டபத்துக்குப் போகிறவைதான் போல.

மோதிர விரலைத் திரும்ப எஃப்-இல் வைத்தேன். இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை. செல்வராணியின் முகத்தை மட்டும் பார்த்தேன். வாசித்துக்கொண்டே நான் ஒருவர் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பத்து இருபது இருக்கும். அந்த முகம் சட்டென்று மாறியது.

கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில், மஞ்சள் பையோடு ஒருவர். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. வெடி இல்லை, தட்டு இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறார். யாரும் 'வாங்க' என்று சொல்வதற்குள் நேராக வந்து மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்னத் தோட்டு டப்பாவை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். தங்கையைப் பார்க்கவில்லை.

தங்கையும் அவரைப் பார்க்கவில்லை. பாப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டு, தூணிடம் சொல்வது போலச் சொன்னார்: "அவுகளுக்கு முட்டி வலி. ஒரு தலகாணி குடுங்க."

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன், ஆசாரியிடம். தலையணையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

காதர் கையை ஓங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். இன்னும் இல்லை.

ஊசி இறங்கியது. பாப்பா வீல் என்று அலறினாள்.

சி மேஜர்.

மறுநாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது, செல்வராணியும் அவர் வீட்டுக்காரரும் பாளையம்பட்டி ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். கையில் வெற்றிலை பாக்கு, பழத் தட்டு, முந்தின நாள் காதுகுத்தின் பத்திரிகை ஒன்று. மல்லாங்கிணறு பஸ் வந்தது. ஏறிப் போனார்கள்.