ஐம்பது குழிப் பலகை

பசிலிசா லாவாஸ் அடைத்த தோட்டாவைச் சுட்டுக் குறி தப்பினால், கோளாறு தோட்டாவில் இல்லை, சுட்டவன் கண்ணில்தான் என்று தனாவ் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

கடலோரத்தில் வீடு. பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மேசைகள். ஒன்று அவள் புருஷன் தென்சியோவுடையது. பந்தயத்துக்குப் போகிறவர்கள் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து அவனிடம் கொடுப்பார்கள். அவன் பிரித்து, அரத்தால் தேய்த்து, எண்ணெய்க் கல்லில் இழைத்து, விசை கண்ணாடி உடைகிற மாதிரி சட்டென்று விடும்படி செய்துகொடுப்பான். மற்ற மேசை அவளுடையது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பசி உண்டு என்பாள். ஒரே மருந்து, ஒரே ஈயக்குண்டு, ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொன்று துப்பிவிடும். அதனால் பத்துத் தோட்டாவை ஒரு அளவில், இன்னும் பத்தை வேறு அளவில் அடைத்து, கடற்கரையில் வேகமானியை நிறுத்திச் சுடச்சொல்லிக் குறித்துக்கொள்வாள். பந்தயத்தில் தோட்டாவுக்கு இன்ன பலம் இருக்கவேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே போனால் மதிப்பெண் போச்சு. ரொம்ப மேலே போனால் துப்பாக்கி கையில் துள்ளும். ஓடிக்கொண்டே, தடுப்புக்குத் தடுப்பு மாறிக்கொண்டே, கடிகாரத்தோடு போட்டி போட்டுச் சுடுகிறவனுக்கு அந்தத் துள்ளல்தான் எமன். கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கவேண்டும். பசிலிசாவின் தோட்டாக்கள் அங்கே நின்றன.

ஜோவலின் துத்துத் அவர்களிடம் நான்கு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். துறைமுகக் காவலில் வேலை. இருபத்தாறு வயது. மாகாணப் பந்தயத்தில் இரண்டு தடவை முதலாவது வந்தவள். வந்தால் முதலில் அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள், பிறகுதான் துப்பாக்கி.

"மானோங், விசை இன்னும் கொஞ்சம் லேசா இருந்தா நல்லாருக்கும்" என்பாள். அங்கே அண்ணனை மானோங் என்றும் அக்காவை மானாங் என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"இதுக்கு மேல லேசாக்கினா நீ நெனச்சாலே சுட்டுடும்."

"நான் நல்லதைத்தான நெனப்பேன்."

"நேத்து உன் அதிகாரியப் பத்திப் பேசினியே, அது நல்லதா?"

அந்த வருஷம் மருந்துக்குப் பஞ்சம் வந்தது. பசிலிசா வழக்கமாகப் போடுகிற மருந்து உமி மாதிரி இருக்கும். தோட்டாவின் பித்தளைக் கூட்டை விளிம்புவரை நிரப்பிவிடும். தவறிப்போய் இரண்டு தடவை போட்டால் வழிந்து கொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். அது எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று, பொடி, வீரியமானது. கூட்டில் பாதிகூட வராது. இரண்டு தடவை போட்டாலும் உள்ளேயே அடங்கிவிடும். அதை வாங்கிவந்த அன்றைக்கே தென்சியோ சொன்னான்.

"இது நல்ல பாம்பு மாதிரி. பாத்துப் புழங்கு."

"எனக்கா சொல்ற" என்றாள் பசிலிசா.

அவளிடம் ஐம்பது குழி வெட்டிய பலகை ஒன்று இருந்தது. குழிக்கு ஒரு கூடு. வரிசையாக மருந்து போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் டார்ச் அடித்து ஐம்பதையும் மேலிருந்து பார்ப்பாள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலாவது வரிசையில் இருந்தபோது போன் அடித்தது. மகள் லிகாயா. துபாயில் வீட்டுவேலைக்குப் போனவள், அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பதினோரு மாதமாகப் பேசாமல் இருந்தவள். பசிலிசா எழுந்து கடலைப் பார்க்க நின்று பேசினாள். லிகாயா முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். கருவாடு வறுக்கிற வாசனைக்கு ஏங்குகிறது, அங்கே வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள் என்றாள். முக்கால் மணி நேரம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பசிலிசாவின் முகம் ஈரமாக இருந்தது. பலகையைப் பார்த்தாள். கொட்டவேண்டும் என்று நினைவு வந்தது. இன்னும் முந்நூறு தோட்டா அடைக்க மீதி இருந்தது. காலையில் ஜோவலின் வந்து எடுத்துப்போவாள். நாலாவது வரிசை, மூன்றாவது குழி, இங்கேதான் விட்டோம் என்று அவள் கை சொன்னது. கையை நம்பி அங்கிருந்து தொடர்ந்தாள். டார்ச் அடித்தாளா? பின்னாளில் எத்தனை யோசித்தும் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது மனசு குறுகுறுத்தது. அந்த ஐம்பதும் மற்றதோடு கலந்துபோயிருந்தன. எடைபோட்டுப் பார்க்கலாம் என்று தராசை எடுத்தாள். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை மாறும். அந்த வித்தியாசத்தில் ஒரு சிட்டிகை மருந்து தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதென்றால் இரண்டு நாள் வேலை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"மானாங், ரெடியா?"

"ரெடி" என்று சொல்லி டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வாபஸ் வாங்க அவளுக்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை, இப்போது மட்டும் ஏன் நடக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குத் தென்சியோ போயிருந்தான். மூன்றாவது சுற்று. ஜோவலின் இரண்டு தடுப்பைத் தாண்டி ஓடி, மண்டியிட்டு, ஏழாவது குண்டைச் சுட்டாள். சத்தம் வேறு மாதிரி இருந்தது என்று தென்சியோ பிறகு சொன்னான். துப்பாக்கி அவள் கைக்குள் பிளந்தது. தோட்டா அடுக்கிய மேகசின் கீழே பீறிட்டுப் போனது. பிடியின் சில்லுகள் உள்ளங்கையில் இறங்கியிருந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. வலது கையில் ஆட்காட்டி விரல் போய்விட்டது. நடுவிரல் இருந்தது, ஆனால் அது இனி மடங்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

அவள் கத்தவில்லையாம். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, சுட்டு முடித்தவர்கள் சொல்வதுபோல "முடிஞ்சுது" என்று நடுவரிடம் சொன்னாளாம்.

பந்தயம் நடத்திய கிளப்பில் அன்று சாயங்காலமே நான்கு பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். மீதித் தோட்டாவில் பத்தை எடுத்துப் பிரித்து மருந்தை நிறுத்தார்கள். பத்தும் சரியாக இருந்தன. பிறகு துப்பாக்கியைப் பார்த்தார்கள். குழலுக்குள் தோட்டா ஏறுகிற சரிவைத் தென்சியோ தேய்த்திருந்தான். தோட்டா சிக்காமல் ஏறுவதற்காக எல்லாத் துப்பாக்கியிலும் அவன் செய்வதுதான். அளவுக்கு மேல் தேய்த்துவிட்டான், கூட்டுக்கு முட்டு இல்லாமல் வெடித்துவிட்டது என்று எழுதினார்கள். லாவாஸ் கைபட்ட துப்பாக்கியோடு யாரும் பந்தயத்துக்கு வரக்கூடாது என்று கதவில் ஒட்டினார்கள். மீதித் தோட்டாக்களைப் பையில் போட்டு அவனிடமே கொடுத்தனுப்பினார்கள்.

திங்கட்கிழமை தென்சியோ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் பசிலிசா அந்தப் பையைத் திறந்தாள். சுத்தியல் மாதிரி ஒரு கருவி, அதில் தோட்டாவை மாட்டித் தட்டினால் குண்டு தனியே மருந்து தனியே வந்துவிடும். தட்டிக்கொண்டே இருந்தாள். நூற்றுப் பதினெட்டாவது தோட்டாவிலிருந்து மருந்து தட்டில் விழுந்தபோதே தெரிந்துவிட்டது. தராசில் வைத்தாள். சரியாக இரண்டு பங்கு. மிச்சம் இருந்ததையும் தட்டிப் பார்த்தாள், வேறெதிலும் இல்லை.

அப்படியானால் கை விட்ட இடம் மூன்றாவது குழி இல்லை. ஐந்தாவது. இரண்டு கூட்டுக்கு இரண்டு தடவை. ஒன்று ஜோவலின் கையில் வெடித்தது, இன்னொன்று இங்கே இருக்கிறது.

அந்த மருந்தைக் காகிதத்தில் மடித்து, துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு தென்சியோவைப் பார்ப்பதுதான் அவளுக்குத் தண்டனையாக இருந்தது. அவன் மேசையில் பழைய குழல் ஒன்றை வைத்துக்கொண்டு சரிவை அளப்பான். எழுதுவான். திரும்ப அளப்பான். "நான் இவ்வளவுக்கு மேல போனதே இல்லையே, சோரிங்" என்பான். பசிலிசாவை அவன் மட்டும் கூப்பிடுகிற பேர் அது. "கண்ணு மங்கிப்போச்சு போல." ஒரு நாள் அரங்களையெல்லாம் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அலைதடுப்புச் சுவர்வரை போனான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். சாப்பிடும்போது கரண்டி கிண்ணத்தில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. சந்தைக்குப் போனால் ஜோவலினின் அம்மா அவனைக் கண்டதும் தரையில் துப்பிவிட்டு நகர்ந்துபோனாள்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், சோளச்சோறும் கீரைச் சாறும் வைத்துவிட்டு, பசிலிசா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் பிரித்தாள்.

"என்ன இது?"

"அந்தப் பையில இருந்தது. ரெண்டு பங்கு. லிகாயா போன் பண்ணின அன்னைக்கு அடைச்சது."

தென்சியோ அதை வெகுநேரம் பார்த்தான்.

"உன் சரிவுல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

"எப்பப் பாத்த?"

"மறுநாள். திங்கக்கிழமை."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. "நான் அரத்தையெல்லாம் கடல்ல போட்டது எப்போ?"

"பதிமூணாம் நாள்."

"நீ அப்ப வாசல்லதான் நின்ன."

"ஆமா."

"எங்க போறனு கூடக் கேட்ட."

தென்சியோ தட்டை இழுத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். இந்தத் தடவை கரண்டி சத்தமே போடவில்லை. அதைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே ஜீப்னி வண்டி பிடித்து ஜோவலின் வீட்டுக்குப் போனாள். அம்மா வாசலை மறித்தாள். "மானாங் வரட்டும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஜோவலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. பசிலிசா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, போன், கொட்டாமல் விட்டது, காலையில் சந்தேகம் வந்தது.

"சந்தேகம் வந்தப்புறமா என் கையில குடுத்தீங்க?"

"ஆமா."

"நான் வாசல்ல நிக்கறேன். வண்டியக்கூட அணைக்கல. 'ஜோவலின், நில்லு, ஒரு நாள் பொறு'னு சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"நான் மானோங்கைத் தினமும் பேர் சொல்லிச் சபிச்சேன்" என்றாள் ஜோவலின். "அந்தாளு ஆஸ்பத்திரிக்கு வந்து கால்மாட்டுல நின்னப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதுக்கு நான் யார்கிட்டப் போய் என்ன சொல்றது?"

பசிலிசா அழுதாள். ஜோவலின் அழவில்லை. "போன்ல என்ன சொன்னா, லிகாயா?" என்று கேட்டாள்.

"கருவாடு வேணும்னா."

ஜோவலின் தலையை ஆட்டினாள். "எழுதிக் குடுங்க. நீங்க சொன்னது அத்தனையும். அந்தக் காலைப் பொழுதையும் சேத்து."

எழுதிக் கொடுத்தாள். கிளப்பில் கதவில் ஒட்டியதைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினார்கள். பசிலிசாவின் தோட்டா அடைக்கிற உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகை எதிலும் வரவில்லை, ஆனால் தனாவில் தெரியாதவர் இல்லை. லிகாயாவிடம் மட்டும் இது எந்த நாளில், யார் போனால் நடந்தது என்பதை அவள் சொல்லவில்லை. யாரும் சொல்லிவிடக்கூடாது என்று தென்சியோ தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டதாக அவளுக்குப் பிறகு தெரிந்தது.

பழைய ஆட்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு தென்சியோவைத் தேடி வந்தார்கள். அவன் பையைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. மந்தாவே நகரத்தில் படகு எஞ்சின் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். சனிக்கிழமை வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவான். மழை, மீன் விலை, மகள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவான். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவள் பேச்செடுத்தால் எழுந்துபோய்விடுவான். சோரிங் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். மற்றவர்களைப்போலப் பசிலிசா என்றே கூப்பிடுகிறான்.

ஜோவலினைக் காவல் வேலையிலிருந்து மாற்றி, அலுவலகத்தில் கப்பல் சீட்டுகளுக்கு முத்திரை குத்துகிற மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்கு அவளும் பசிலிசா போகிற மாதா கோவிலுக்குத்தான் வருவாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் பசிலிசா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பெஞ்சுக்கு முன்னாலிருந்து ஜோவலின் திரும்பி, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இடது கையை நீட்டுவாள். அந்தக் கை இதுவரை பசிலிசாவின் பெஞ்சுவரை வந்ததில்லை.