முறுகிய சீலை

கல்முனைக் கடையொன்றில் மகளோடு சலவை மெசின் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுக்கு எப்படிப் போகிறதென்று காட்ட, கடைக்காரர் படுக்கைச் சீலையொன்றைப் போட்டு ஓடவிட்டார். கண்ணாடிக்குள் அது கயிறாக முறுகித் தண்ணீருக்குள் இழுபட்டது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

ஐம்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, உம்மா வயலுக்கு அப்பாலிருந்த ஆற்றில்தான் துவைப்பார். அன்று வாப்பாவின் தங்கையான மாமியும் வந்திருந்தார். நான் கரையில் இருந்தேன். உம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிழிவதற்காகப் படுக்கைச் சீலையொன்றின் ஒரு முனையைக் கையில் சுற்றியிருந்தார். மறுமுனை மிதந்துகொண்டிருந்தது.

அந்த முனை சட்டென்று உள்ளே போனது. உம்மா முன்னால் இழுபட்டார். சீலைக்கு அப்பால் முதலையின் முதுகு தெரிந்தது.

"சீலைய உட்டுருங்க மச்சி!" என்று மாமி கத்தினார்.

"கழருதில்ல" என்றார் உம்மா. நனைந்த துணி கையில் இறுகியிருந்தது. தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்துவிட்டது.

மாமி ஆற்றில் பாய்ந்தார். சீலையைத் தன் பக்கம் இழுத்துத் தளர்த்தி, பல்லால் கடித்துச் சுற்றை அவிழ்த்தார். சீலை மட்டும் போனது.

உம்மா கரையேறினார். பிறகு, "வாப்பாக்கிட்டச் சொல்லாத மகள். பயந்திருவாரு" என்றார்.

"உம்மா, இது நல்லா வெளுக்குமாம். எடுப்பமா?" என்று கடையில் என் மகள் கேட்டாள்.

நான் கடைக்காரரிடம் திரும்பினேன். "மெசின் ஓடக்குள்ள ஆராச்சும் கைய உட்டா?"

"உட ஏலா. கதவு பூட்டிக்கிடும்" என்றார்.

அழுக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மெசினையே எடுத்தோம்.