லாயிட் கொண்டுவந்த ஏழாயிரத்து ஐந்நூறு வாட்

மேவிஸ் டாலனுக்கு ஒரு பழக்கம். பக்கத்து ட்ரெய்லர் வீட்டில் எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் ஓடுகிறது, அதில் என்னென்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். வடக்கு டகோட்டாவில் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "பஸ்ஸுல அறுபது பிள்ளைங்க இருந்தாங்க, அதுவே போதும்னு தோணிச்சு" என்பார். எழுபத்தோரு வயதிலும் குளிர் தொடங்கியதும் ட்ரெய்லரை வண்டியில் மாட்டிக்கொண்டு, தனியாக அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவார்.

அங்கே கம்பம் கிடையாது, கம்பி கிடையாது. அவரவர் மின்சாரம் அவரவர் பாடு. புதிதாக ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் மேவிஸிடம் வந்து நிற்பார்கள். அவர் கேட்பது இரண்டே கேள்வி. "காலையில எழுந்ததும் எதைப் போடுவீங்க? அது ஓடும்போது கூட வேற என்ன ஓடும்?" பதிலைக் கேட்டு அளவைச் சொல்லிவிடுவார். அளவு சொல்வது ஒரு சாக்குதான். அடுத்தவர் வீட்டில் காலை எப்படி விடிகிறது என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு அப்படியொரு ஆசை.

ஜனவரி இரண்டாம் வாரம் அயோவாவிலிருந்து லாயிட், ஓப்பல் தம்பதி வந்து இறங்கினார்கள். லாயிட் மாவட்டப் பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் பின்னாலிருந்து பலகை போட்டு அவர் உருட்டி இறக்கியதைப் பார்த்து மேவிஸ் காபியைக் கீழே வைத்துவிட்டார். வீடு கட்டும் இடத்தில் ஓடுகிற ஜெனரேட்டர் அது. ஏழாயிரத்து ஐந்நூறு வாட். காலை எட்டு மணிக்குப் பிடித்தால் இரவு எட்டு மணிவரை கத்தும்.

அந்த ஊரில் யாரும் யாரிடமும் போய்ச் சத்தம் போடுவதில்லை. வீட்டுக்கே சக்கரம் இருக்கும்போது எதற்குச் சண்டை? முதல் நாள் பக்கத்திலிருந்த ஓரகன் மாநிலத்துக்காரர்கள் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். மறுநாள் இரண்டு குடும்பம். ஐந்தாம் நாள் பார்த்தால், லாயிட் தம்பதியைச் சுற்றி ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வெறும் கல்லும் முள்ளும். போகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகக் கையாட்டிவிட்டுத்தான் போனார்கள்.

மேவிஸும் நகர்ந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு வாட் எதற்கு என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஆறாம் நாள் காலை நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த ஓப்பலின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்து மேவிஸுக்கே சங்கடமாகிவிட்டது. மேசைமேல் வேர்க்கடலை வெண்ணெய் போட்டுச் செய்த இனிப்பு, தட்டுத் தட்டாக, மூடியபடியே இருந்தது.

"அக்கம்பக்கத்துக்குக் குடுக்கலாம்னு செஞ்சேன்," என்று ஓப்பல் கத்தினார். கத்தாமல் அங்கே எதுவும் காதில் விழாது. "தட்டை எடுத்துட்டு வெளிய வந்தா வீடே இருக்கறதில்ல. இந்த ஊர்க்காரங்க யாரோடயும் ஒட்டமாட்டாங்களோ?"

மேவிஸ் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வாரம் இருந்து பாக்கறேன்னு லாயிட் கிட்ட ஒத்துக்கிட்டேன். எனக்குப் பிடிக்கலன்னா திரும்பிடணும், ட்ரெய்லரை வித்துடணும். அதான் பேச்சு. அவர் இருபது வருஷமா இதையே நெனச்சிட்டிருந்த மனுஷன். ஆனா யாருமே பேசாத இடத்துல நான் என்னன்னு இருக்கறது?"

லாயிட் வந்தார். மேவிஸ் தன் கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏசி, மைக்ரோவேவ், வெந்நீர், ஃப்ரிட்ஜ், காபி மெஷின், ஹேர் டிரையர், டிவி. ஒவ்வொன்றுக்கும் நேராக வாட். எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம்.

"எல்லா லாரியும் ஒரே நேரத்துல பாலத்து மேல நிக்கும்னு வச்சுத்தான் கணக்குப் போடணும்," என்றார் லாயிட், பெருமையாக.

"சரி. இப்போ என்ன ஓடுது?"

மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். மைக்ரோவேவில் கடிகாரம் எரிந்தது. ஓப்பலின் கைபேசி சார்ஜில் கிடந்தது. அவ்வளவுதான்.

மேவிஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லாயிட், இந்தக் குளிர்ல உங்களுக்கு ஏசி எதுக்கு? ஃப்ரிட்ஜும் வெந்நீரும் கேஸ்லயே ஓடும். மிச்சத்தையெல்லாம் ஒண்ணா போடணும்னா ஓப்பலுக்கு ஆறு கை வேணும்." பிறகு மறைப்பதில் பயனில்லை என்று உடைத்துச் சொல்லிவிட்டார். "அவங்க உங்களைப் பிடிக்காம போகலம்மா. இந்தச் சத்தத்துக்குப் போனாங்க."

ஓப்பல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு நாளா, எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். பிறகு லாயிட் பக்கம் திரும்பினார். "நிறுத்து அதை."

"நீ தனியா, இருட்டுல, கரண்ட் இல்லாம இருக்கற மாதிரி உனக்குத் தோணக்கூடாதுன்னுதான்—"

"நீ செவ்வாய்க்கிழமைலேர்ந்து பேசின ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல, லாயிட்."

லாயிட் போய் நிறுத்தினார். காதுக்குள் மட்டும் அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பாவம், அந்த மனுஷரின் முகத்தைப் பார்க்க மேவிஸுக்கு மனசு கேட்கவில்லை. கைவண்டியில் தன்னிடம் உபரியாக இருந்த குட்டி ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார். மேலே இரண்டாயிரத்து இருநூறு வாட் என்று எழுதியிருக்கும். தொடர்ந்து தாங்குவது ஆயிரத்து எண்ணூறுதான். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம்.

"ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணைப் போடாதீங்க. போட்டா மூஞ்சியைத் தூக்கிட்டு நின்னுடும்."

இரண்டு நாள் பொறுக்க மேவிஸால் முடியுமா? மறுநாள் காலை பத்து மணிக்கே போய்விட்டார். ஓப்பல் பாதி ஈரத் தலையோடு வாசலில் நின்றிருந்தார். அவர் ஹேர் டிரையரைப் போட, அதே நேரம் லாயிட் காபி மெஷினைத் தட்ட, ஜெனரேட்டர் நின்றிருந்தது. லாயிட் குனிந்து அதைத் திரும்பக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை," என்றார் லாயிட், நொந்துபோய்.

இன்ஜின் பிடித்தது. லாயிட் உள்ளே போனார். அவர் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "ஓப்பல், நீ தலை காயவைக்கப் போறியா? இல்ல நான் காபி போட்டுக்கவா?"

"நீ போட்டுக்கோ. நான் வெயில்லயே காயவச்சுக்கறேன்."

சிறிது நேரம் கழித்து மறுபடியும்: "இப்போ ரொட்டி சுடலாமா? உனக்கு ஏதாவது வேணுமா?"

"சுடு. எனக்கும் ஒண்ணு."

மேவிஸ் கேட்டுக்கொண்டே நின்றார். தன் ட்ரெய்லரில் எதைப் போடவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அவருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் வலித்தது. வலியைக் காட்டிக்கொள்ளாமல் விஷயத்துக்கு வந்தார்.

"லாயிட், மூவாயிரம் வாட்ல ஒண்ணு இருக்கு. சத்தமும் ரொம்ப வராது. ரெண்டையும் ஒண்ணா போட்டுக்கலாம். கோடையில மலைக்குப் போனா, அந்த உயரத்துல இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், அப்பவும் தாங்கும். நியாயமா உங்களுக்கு அதான் அளவு."

லாயிட் கண்கள் பளிச்சிட வெளியே வந்தார். "அதையே வாங்கிடலாம். இன்னிக்கே டவுனுக்குப் போறேன்."

"வேண்டாம்," என்றார் ஓப்பல்.

லாயிட் திகைத்து நின்றார். ஊருக்குத் திரும்புவோம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

"இதே அளவுல ஒண்ணு வாங்கு. இது போதும்." ஓப்பல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். "நாப்பத்தோரு வருஷம் அந்த வீட்டுல இருந்தோம். நான் அடுத்து என்ன செய்யப் போறேன்னு நீ ஒரு நாள்கூட கேட்டதில்ல. இன்னிக்குக் காலையிலேர்ந்து ஆறு தடவை கேட்டுட்டே. பெருசா வாங்கினா மறுபடியும் கேக்கமாட்டே."