அலகு அக்கா

சங்கிலியைக் கையில் எடுக்குமுன் அக்கா பொருளைச் சுற்றி ஒரு நடை நடப்பார். தட்டிப் பார்ப்பார், குனிந்து அடியைப் பார்ப்பார், பிறகு சாக்பீஸால் மேலே ஒரு பெருக்கல் குறி போடுவார். எடை முழுவதும் கூடி நிற்கும் இடம் அதுதானாம். கொக்கி அதற்கு நேர் மேலே வரும்வரை, கிரேன்காரர் எத்தனை ஹாரன் அடித்தாலும் அக்காவின் கை உயராது. "நடுவுலதான் எடை இருக்கும்னு யாரு சொன்னா? மோட்டார் எந்தப் பக்கமோ, எடையும் அந்தப் பக்கம்தான்" என்பார்.

கனரக இயந்திரங்கள் செய்யும் பட்டறையில், கிரேனுக்குச் சங்கிலி மாட்டிக் கை காட்டுவது அவர் வேலை. அங்கேயே நான் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். வீடும் அடுத்த வீடு. எல்லோரும் 'அலகு அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, மூக்கு சற்றுக் கூர்மை என்பதால் வைத்த பெயர் என்றே முதலில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அலகு எழுதாத எண்ணை அவர் எண்ணாகவே மதிப்பதில்லை. "பன்னெண்டுன்னா என்ன பன்னெண்டு? மீட்டரா, முட்டையா?" கிலோவையும் நியூட்டனையும் குழப்பினால் இன்னும் கோபம் வரும். "கிலோங்கிறது பொருள் எவ்வளவுங்கிறது. நியூட்டன்ங்கிறது பூமி அதை இழுக்கிற இழுப்பு. நம்ம சங்கிலி அந்த இழுப்போடதான் மல்லுக்கட்டுது."

போன மாதம் ஓர் இரும்புப் பாளம் வந்தது. கூட வந்த சீட்டில் 2400 என்று மட்டும் இருந்தது. சூப்பர்வைசருக்கு அவசரம்.

"பவுண்டாத்தான் இருக்கும். ஒரு டன்னு சொச்சம். மாட்டுங்கக்கா."

"கிலோவா இருந்தா?"

"ஐயோ, எல்லாத்துக்கும் ஒரு கேள்வியா?"

அக்கா டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார். பாளத்தின் மேலேயே கணக்குப் போட்டார். ஒரு கன மீட்டர் இரும்பு ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ. பாளம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விடை இரண்டாயிரத்து நானூறு கிலோ. சங்கிலி தாங்குவதோ இரண்டு டன். பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெரிய சங்கிலியைத் தானே போய் இழுத்து வந்தார்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, ஜன்னலோரம் உட்கார வைப்பார் அக்கா. ஆரம்பத்தில் தள்ளி நின்று கை நீட்டித் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. "பட்டறையில தெரிஞ்சது வீட்டுல மறந்துபோச்சு பாருங்க. தூரம் கூடினா பத்து கிலோவும் முப்பது மாதிரி இழுக்கும். ஒட்டி நின்னு தூக்கணும்" என்றார் என்னிடம். இப்போது கணவரின் இடுப்பில் அகலப் பட்டை கட்டி, மார்போடு அணைத்துத்தான் எழுப்புகிறார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு ஒட்டி நின்றதில்லை என்று கணவர் கேலி செய்வார்.

கேலி எல்லா நாளும் வராது. சென்ற வாரம் நான் போனபோது அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

"உனக்குப் பாரமாப் போயிட்டேன்ல?"

அக்கா அவரை மெதுவாக உட்கார வைத்து, கால்களைத் தரையில் இறக்கினார்.

"ஆமா. அறுபத்திரண்டு கிலோ. ஆஸ்பத்திரியில பார்த்தோமே. அறுநூத்தி எட்டு நியூட்டன். அதுக்கு மேல ஒரு பாரமும் நான் தூக்கல. நீங்களா ஏத்திச் சொல்லாதீங்க."

அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"தரையை அழுத்துங்க. நீங்க அழுத்துற அளவுக்கு அதுவும் உங்களைத் தள்ளும்" என்று குனிந்து அணைத்தார் அக்கா. "ஒண்ணு… ரெண்டு…"

மூன்று வரவில்லை. அக்கா அப்படியே நின்றுவிட்டார். எட்டு மாதமாக அசையாத கணவரின் இடது கால் விரல்கள் தரையைப் பற்றியிருந்தன. முழங்கால் நடுங்கியபடி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், பயந்து.

"ஒண்ணுமில்ல. அழுத்துங்க."

அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார் அக்கா.