பதின்மூன்றாவது மகிழம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மரங்களை அறுக்கப்போவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. நேசபாய் ஏழரைக்கே தக்கலையில் பஸ் ஏறிவிட்டார். மடியில் நீலக் கோப்பு ஒன்று இருந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் வாங்கி ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நட்டவை மகிழமரங்களே அல்ல, இதுவரை ஒரு பூகூடப் பூக்கவில்லை, ஏதோ காட்டுச்செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்றது அந்தக் கடிதம். மூன்று முறை அவர் எழுதிய பதிலுக்குப் பதில் இல்லை.

நாற்றுத் தொழிலை நேசபாய்க்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் ஆண்டு போட்ட முந்நூறு மகிழ விதைகளில் முளைத்தவை ஒன்பது. மறு ஆண்டு நூறு விதைகளை அப்படியே போட்டார், நூறின் மேலோட்டை அரத்தால் உரசிப் போட்டார், நூறை ஊறவைத்தார். எது எந்த நாளில் முளைத்தது என்று சீட்டெழுதினார். அன்று முதல் அவர் கையை விட்டுப் போன எந்தச் செடியும் சீட்டில்லாமல் போனதில்லை.

பள்ளி வாசலில் அறுப்பு இயந்திரத்தோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே, பன்னிரண்டு மரங்களும் கரும்பச்சையாக அடர்ந்து நின்றன. தோட்டக்காரர் சுடலையாண்டி வழக்கம்போல ஹோஸோடு நின்றார். குலசேகரத்துக்காரர், மழையிலேயே வளர்ந்தவர்.

"ஒரு நாளு நான் வெள்ளம் ஊத்தாம இருந்ததில்ல," என்றார். "யூரியாவும் போட்டேன். பிள்ளையள மாதிரியாக்கும் பாத்தேன்."

நேசபாய் கோப்பிலிருந்து குறிப்புத்தாளை உருவினார். "ரெண்டாம் வருஷத்துக்குப் பொறவு வெள்ளமே காட்டாதிய, காஞ்சாத்தான் பூக்கும்னு எழுதித் தந்தேனே!"

"இந்தக் காத்தும் வெயிலும் பாத்தா மனசு கேக்கணுமே!"

தலைமையாசிரியர் ஆன்ஸ்லின் வந்தார். நேசபாய் குறிப்புத்தாளை நீட்டினார். அதில் பள்ளியின் கையொப்பமும் இருந்தது.

"எழுத்து இருக்குக்கா. பூ எங்க? பன்னிரண்டையும் அறுக்கத் தீர்மானம் போட்டாச்சு."

"பன்னிரண்டா?"

கோப்பைப் புரட்டிய நேசபாயின் விரல் ஒரு சீட்டில் நின்றது. பெற்றுக்கொண்ட செடிகள்: பதின்மூன்று.

"சாரே, ஒண்ணு எங்க?"

ஆன்ஸ்லின் சுடலையாண்டியைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். "ரோடு அகலப்படுத்துனப்ப மதில உள்ள தள்ளிக் கெட்டினாவ. அதுல ஒண்ணு வெளிய போச்சு. அங்க ஹோஸ் எட்டாது. நான் விட்டுட்டேன்."

நேசபாய் ஓடினார். ஐம்பத்து நான்கு வயது, பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றது, எடுக்க நிற்கவில்லை. மதில் முனையைத் திரும்புமுன்பே வாசனை வந்து மோதியது.

ஆட்டோ ஸ்டாண்டின் ஓரத்தில், சரளை மண்ணில், காற்றுக்குச் சற்றே சாய்ந்து நின்றது அந்த மரம். உள்ளே நிற்பவற்றின் பாதி உயரம்தான். அடியில் வெள்ளை நட்சத்திரங்களாகப் பூ கொட்டிக் கிடந்தது. நின்ற ஆட்டோவின் கண்ணாடியில் மகிழம்பூ மாலை ஆடியது.

"எக்கா, சவாரியா?" என்றார் ஓட்டுநர் ரதீஷ்.

"மக்கா, இந்தப் பூ எப்பத்திலேருந்து?"

"பத்து நாளா கொட்டுது. மாலை எனக்க மவ கோத்துத் தந்ததாக்கும். யாரு வச்ச மரமோ, நல்லா இருக்கட்டும்."

"நான் வச்ச மரமாக்கும்!" நேசபாய் போட்ட சத்தத்தில் டீ குடித்தவர் எழுந்து வந்துவிட்டார்.

ஆன்ஸ்லின் உள்ளிருந்து ஓர் இலை பறித்து வந்து, இங்குள்ள இலையோடு சேர்த்துப் பிடித்தார். அதே பளபளப்பு, அதே நெளிந்த விளிம்பு. குனிந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தீர்மானத்தை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதிய சாரே! அதுக்கு அடியில, இவை மகிழந்தான், அறுக்கலன்னு எழுதி, சீல் வச்சுத் தாங்க."

அவர் சிரித்துவிட்டார், ஆனால் ஆட்டோவின் மேலேயே தாளை வைத்து எழுதினார், சீல் எடுத்துவர ஆளையும் அனுப்பினார். நேசபாய் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்து, ஒரு பிடி பூவோடு அதைக் கோப்பில் வைத்தார்.

சுடலையாண்டி ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டபடி தவித்தார். "அப்போ இனி நான் இதுகளுக்கு என்னதான் செய்ய?"

"ஒண்ணும் செய்யாதிய அண்ணாச்சி."

"அதாக்கும் கஷ்டம்," என்றார் அவர்.