பத்தாவது நிபந்தனை

ஆர்லீன் ஹாகன் 1943 ஏப்ரலில், தெற்கு டகோட்டாவின் மிச்சல் நகருக்கு வடக்கே ஒரு சோளப் பண்ணையில் பிறந்தார். 1965 ஜூன் ஐந்தாம் தேதி டெல்மர் ஹாகனை மணந்தார். டெல்மர் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவர். ஆர்லீன் முப்பத்தொரு ஆண்டுகள் மாவட்ட அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எழுதியவர். பிள்ளைகள் இல்லை. 2007 அக்டோபரில் டெல்மருக்கு மறதி நோய் என்று மருத்துவர் உறுதிசெய்தார். அடுத்த மே மாதம் இருவரும் வீட்டுவண்டி வாங்கப் புறப்பட்டார்கள். இவ்வளவும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை.

அந்த வயதுத் தம்பதிகள் படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே அமைந்த வண்டியை வாங்கிக்கொண்டு, குளிர் தொடங்கியதும் டெக்சாஸ் பக்கம் போய்விடுவது அங்கே வழக்கம். ஆர்லீனின் காரணம் வேறு. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலேயே டெல்மர் வழி தவறத் தொடங்கியிருந்தார். கழிப்பறைக்கென்று எழுந்துபோய் நிலவறைப் படிகளின் விளிம்பில் நிற்பார். பனிக்காலத்துக்கு முன் காப்பகத்தில் சேர்த்துவிடும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். வழி தவற இடமே இல்லாத அளவுக்குச் சிறிய வீடு ஒன்று அமைந்துவிட்டால் காப்பகம் தேவைப்படாது என்று ஆர்லீன் நினைத்தார்.

அதற்காகக் கோடிட்ட தாளில் ஒன்பது நிபந்தனைகளை எழுதிக்கொண்டார். வண்டியைத் தாமே ஓட்ட வேண்டும் என்பதால் நீளம் இருபத்துநான்கு அடிக்கு மேல் கூடாது. படுத்தபடியே பார்த்தால் கழிப்பறைக் கதவு தெரிய வேண்டும். கூரையில் நீர்க்கறை கூடாது. எலிநாற்றம் கூடாது. தேய்ந்த டயர்கள் கூடாது. பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் துணிப்பந்தல் கிழியாமல் இருக்க வேண்டும். ஒன்பதாவது, இருவருக்கு மட்டுமே இடம். மூன்றாமவருக்குப் படுக்கை கூடாது.

விற்பனைத் திடல் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. விற்பவர் பெயர் கர்ட் நூட்சன். வண்டி வாங்குவோர் உள்ளே ஒரு முழு நாளைப் பாசாங்காக வாழ்ந்து பார்ப்பது அங்கு எல்லோரும் செய்வதுதான். படுக்கையில் கண் மூடிப் படுப்பார்கள், எழுவார்கள், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார்கள், இல்லாத காபியை இல்லாத கோப்பையில் ஊற்றுவார்கள்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் படுத்துப் பாருங்க மேடம்," என்றார் கர்ட். "போன வாரம் ஒருத்தர் நெஜமாவே குறட்டை விட்டுட்டாரு. எழுப்பி அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

முதல் வண்டியின் குளியலறைக்குள் தலையை நீட்டிய டெல்மர், "ஆர்லீன், இது குளிக்கிற எடமா, இல்ல சவப்பெட்டிய நிமித்தி வச்சிருக்காங்களா?" என்றார். கர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். நாளும் நல்லபடியாகத்தான் தொடங்கியது.

ஆனால் நான்காவது வண்டியில், பாசாங்குத் தூக்கத்திலிருந்து எழுந்த டெல்மர் துணி அலமாரியைத் திறந்து, அதன் முன் நின்று காற்சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். ஆர்லீன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். கர்ட் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் அதே கதைதான். பளபளக்கும் புது வண்டிகளில் எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி இருந்தன. சிறிய வீட்டிலும் வழி தவறலாம் என்பதை ஆர்லீன் அன்று கண்டார்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் டெல்மரைக் காணவில்லை. திடலின் கடைசியில், வேலியோரம், களைகளுக்கு நடுவே நின்ற பழுப்பு நிற வண்டியை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தார். காலை முதல் கால் இழுத்து நடந்தவர், இப்போது வேலை முடிந்து வீடு திரும்புபவரைப் போல நடந்தார்.

"அது உங்களுக்கு வேணாம் மேடம்," கர்ட் பின்னாலிருந்து கத்தினார். "பிரிச்சு உதிரியா விக்கப்போற வண்டி!"

டெல்மர் கைப்பிடியைப் பிடித்தார், சற்று மேலே தூக்கினார், பிறகு இழுத்தார். கதவு திறந்தது.

கர்ட் நின்றுவிட்டார். "அந்தக் கதவத் தொறக்க எனக்கே ரெண்டு நாளாச்சு. இவருக்கு எப்படி...?"

ஆர்லீன் பின்தொடர்ந்து ஏறினார். எலிநாற்றம் மூக்கில் அறைந்தது. கூரையில் நீர்க்கறை ஒரு வரைபடம் போலப் பரவியிருந்தது. டெல்மர் பாத்திரத்தொட்டியின் அடியிலிருந்த அறைக்குள் பார்க்காமலே கைவிட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். மேலே விளக்கு எரிந்தது. பின்பக்கம் போனார், கழிப்பறைக் கதவைச் சரியாகத் திறந்தார், மூடினார், திரும்பி வந்தார். போகும்போதும் வரும்போதும், நடைவழியின் நடுவே ஓரிடத்தில் காலை உயரத் தூக்கி எதையோ தாண்டினார். அங்கே ஒன்றும் இல்லை. தரைவிரிப்பு மட்டும் ஒரு நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

பிறகு ஆர்லீனைப் பார்த்துச் சிரித்தார். பழக்கமில்லாதவர்களுக்காக அவர் வைத்திருந்த சிரிப்பு அது.

"வாங்க மேடம், உள்ள வாங்க. கதவச் சாத்திடுங்க, ஈ வந்துடும்."

"டெல், வெளையாடாத."

"உக்காருங்க. காபி போடுறேன். பாத்து, அவள மிதிச்சிடாதீங்க."

"யார?"

"பயப்படாதீங்க, கடிக்க மாட்டா. வயசாயிடுச்சு, எழுந்திருக்க முடியல."

அவர் மேல் அலமாரியிலிருந்து இல்லாத கோப்பைகள் இரண்டை எடுத்து வைத்தார். பாசாங்கு நாளின் பழக்கம்தான் என்று ஆர்லீன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அப்போது டெல்மர் திரும்பி, மரியாதையோடு கேட்டார்:

"சக்கர போடுவீங்களா?"

நாற்பத்து மூன்று ஆண்டுகளாக ஆர்லீனுக்குச் சர்க்கரையில்லாத காபி போட்டுக் கொடுத்த கை அது. ஆர்லீன் குனிந்து, தேய்ந்த வட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயில் படாத வண்டி, மே மாதக் குளிர். தரை முழுவதும் சில்லென்றிருந்தது. அங்கே மட்டும் இல்லை.

அவர் இறங்கிவிட்டார். டெல்மரும் பின்னாலேயே இறங்கினார். கடைசிப் படியிலிருந்து சரளைக்கல்லில் கால் வைத்ததும் அவருடைய முகம் மாறியது.

"ஆர்லீன், ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? காலைல சாப்பிட்டியா, இல்லையா நீ?"

கர்ட் சொன்ன விவரங்களை ஆர்லீன் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். முந்தைய உரிமையாளர் தனி ஆள். மிசௌரி ஆற்றங்கரை முகாம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் வண்டியை நகர்த்தாமலே அதற்குள் இருந்தார். ஓடிய தூரம் ஆறாயிரம் மைல்கூட இல்லை; ஜெனரேட்டரின் மீட்டரோ ஒன்பதாயிரம் மணிநேரம் காட்டியது. மருத்துவமனையில் இறந்தார். ஒரு பெட்டை நாய் வைத்திருந்தார்.

"நாய் என்னாச்சு?"

"யாரும் சொல்லல மேடம்." கர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உண்மையச் சொல்லட்டுமா? இங்க நிக்கிற எல்லா வண்டியிலயும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன். இதுல மட்டும் சாப்பிட்டதில்ல. ரொட்டியப் பிரிச்சா, யாரோ பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு நெனப்பு."

அந்த வாரம் வீட்டில் டெல்மர் நிலவறைப் படிகளில் நான்கு படி உருண்டார். எலும்பு முறியவில்லை. காப்பகத்திலிருந்து படுக்கை காலியாக இருப்பதாகத் தொலைபேசி வந்தது. ஆர்லீன் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மறுநாளே டெல்மரை அழைத்துக்கொண்டு மீண்டும் திடலுக்குப் போனார்.

எதையும் இரண்டு சான்றுகள் இல்லாமல் பதிவேட்டில் ஏற்றாதவர் அவர். பழுப்பு வண்டியின் படுக்கையில் டெல்மரைப் படுக்கவைத்து, கையில் கடிகாரத்தோடு நின்றார். கழிப்பறையை அடைய ஆறு விநாடி. இரண்டாம் முறையும் ஆறு. தேய்ந்த வட்டத்தின் மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளத்தை விரித்து மறைத்தார். டெல்மர் அப்போதும் அதே இடத்தில் காலைத் தூக்கித் தாண்டினார். ஒவ்வொரு முறையும், வாசற்படி ஏறியதும் "மேடம்"; இறங்கியதும் "ஆர்லீன்". ஐந்து முறை ஏற்றி இறக்கினார். ஐந்து முறையும் மாறவில்லை.

"இவங்க யாரு கர்ட், ரொம்ப நேரமா நிக்கிறாங்களே?" ஐந்தாம் முறை டெல்மர் உள்ளிருந்தபடி கேட்டார். "பாவம், ஒரு நாற்காலி போடுங்க."

நீளம், நீர்க்கறை, எலிநாற்றம், டயர்கள் என்று ஏற்கனவே அடித்துவிட்ட வரிகளோடு ஒன்பதாவது வரியையும் ஆர்லீன் அடித்தார். பிறகு அடியில் ஒரு புதிய வரி எழுதினார். முதலிலேயே எழுதத் தோன்றாத வரி: *என்னை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.* அதையும் அதே மையில் அடித்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. அடித்த மற்ற வரிகளின் மேல் ஒரு கோடு. பத்தாவதன் மேல் இரண்டு.

ஒரு நிபந்தனையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிழிந்திருந்த துணிப்பந்தலை மாற்றிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்றார்.

"கூர ஒழுகுது, அத விட்டுட்டு நிழலுக்குத் துணி கேக்குறீங்களே மேடம்?" என்றார் கர்ட்.

"நான் குடியிருக்கப்போறது அங்கதான்," என்றார் ஆர்லீன்.

அப்படியேதான் நடந்தது. கோடையில் டகோட்டாவின் ஏரிக்கரைகள், அக்டோபரில் டெக்சாஸின் தென்கோடி. வெளியே உட்கார முடிகிற வெயில் இருக்கும் ஊர் எதுவோ அதுவே அவர்களுடைய ஊர். பந்தலின் கீழே மடக்கு நாற்காலிகளில் அவர்கள் கணவன் மனைவியாக இருந்தார்கள். சீட்டாட்டத்தில் டெல்மர் ஏமாற்றினார், ஆர்லீன் கண்டுபிடித்தார், பக்கத்து வண்டிக்காரர்களைப் பற்றி இருவரும் வம்பு பேசினார்கள். உள்ளே போனால் ஆர்லீன் விருந்தாளி. விருந்தாளிக்கு உரிய ஒழுங்குகளையும் அவர் கற்றுக்கொண்டார். உட்காருமுன் அனுமதி கேட்டார். டெல்மர் தம் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு, குறுகிய இருக்கையில் படுத்தார். நாள்தோறும் சர்க்கரை வேண்டாம் என்று ஆர்லீன் புதிதாகச் சொன்னார். மழைநாட்களை மட்டும் அவர் வெறுத்தார். அவற்றை நாட்காட்டியில் குறித்தும் வைத்தார்.

காப்பகம் தேவைப்படவில்லை. டெல்மர் ஒருமுறைகூட விழவில்லை. ஒருமுறைகூடத் தவறான கதவைத் திறக்கவில்லை.

2014 மே மாதம் அவரால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. ஒரு காலை, பக்கத்து வண்டிக்காரரின் உதவியோடு ஆர்லீன் அவரை நாற்காலியோடு தூக்கிப் பந்தலின் கீழே இறக்கினார். டெல்மர் நெடுநேரம் ஆர்லீனின் முகத்தைப் பார்த்தார்.

"ஆர்லீன்."

"இங்கதான் இருக்கேன்."

"அவ உள்ள தனியா இருக்கா. கதவச் சாத்திடாத."

அன்று பிற்பகல், அதே நாற்காலியில் அவர் இறந்தார். வந்தவர்கள் அவரைக் கொண்டுபோன பிறகு, இறப்புப் பதிவுக்காக டெல்மரின் பிறப்புச் சான்றிதழை எடுக்க ஆர்லீன் வண்டிக்குள் ஏறினார். கதவை யாரும் சாத்தியிருக்கவில்லை. பெட்டி பின்பக்கம் இருந்தது. நடைவழியின் நடுவே வந்தபோது, நினைக்காமலே, அவருடைய கால் உயரத் தூக்கித் தாண்டியது. காலின் கீழே எதுவோ மூச்சு விட்டது.

"மன்னிச்சுக்கோ," என்றார் ஆர்லீன்.

சான்றிதழை எடுத்து, பட்டியல் தாளின் மறுபக்கத்தில் தேதியிட்டு எழுதினார். மனைவியாக, நாற்பத்து மூன்று ஆண்டுகள். விருந்தாளியாக, ஆறு.